பத்து ஷில்லிங் குக்கிராமம்: புளோரா தொம்சனின் ‘லார்க் ரைஸ்’ நூலை முன்வைத்து

கிராமத்தைப் பற்றிய ஒரு படைப்பு கைக்கு வந்தால் அதில் மண்வாசனை இருக்கிறதா என்று பார்ப்பது நமது விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் ஈழத்து இலக்கியத்தில் இச்சொல் எழுந்தபோது அதற்குள் ஒரு கோரிக்கை இருந்தது. இந்த நாட்டு மனிதரை, அவர்களது பிரச்சினைகளை, அவர்களது மொழியிலேயே எழுதவேண்டும் என்பதே அக்கோரிக்கை. காலப்போக்கில் கோரிக்கை கழன்றுபோக, வாசனை மட்டும் எஞ்சியது. இன்று ஒரு கதையில் பேச்சுவழக்கு, சாப்பாடு, கல்யாண வீடு, ஆற்றங்கரை ஆகியன வந்துவிட்டால் நாம் திருப்தி அடைந்துவிடுகின்றோம். அந்தக் கிராமத்தில் கூலி எவ்வளவு, காணி யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பிள்ளைகள் எத்தனையாம் வகுப்போடு நின்றார்கள் என்ற கேள்விகளை நாம் படைப்பாளியிடம் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கணக்கோடு பதில் சொல்லும் ஓர் ஆங்கில நூலைப் பற்றியே இக்கட்டுரை பேச முனைகின்றது. புளோரா தொம்சன் எழுதிய ‘லார்க் ரைஸ்’ 1939இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தினால் வெளியிடப்பட்டது. தொடர்ந்து 1941இலும் 1943இலும் வெளிவந்த இரு நூல்களுடன் சேர்த்து 1945இல் ‘லார்க் ரைஸ் டு கெண்டில்போர்ட்’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வந்தது. நான் இங்கு பிரதானமாக எடுத்துக்கொள்வது முதல் நூலையே. ஒரு குக்கிராமத்தை முழுமையாகப் பேசுவது அதுதான். மற்றைய இரண்டும் சிறுமி வளர்ந்து ஊரைவிட்டு வெளியேறிய பின்னைய கதைகள்.

நூலாசிரியரைப் பற்றிச் சில தகவல்கள் அவசியம். 1876 டிசெம்பரில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஜூனிப்பர் ஹில் என்ற குக்கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பன் கல்வேலை செய்யும் மேசன். தாய் திருமணத்திற்கு முன்னர் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். ஊர்ப் பாடசாலையில் படித்த ஆரம்பக் கல்வியோடு அவரது படிப்பு முடிந்தது. பதினான்கு வயதில் அயற்கிராமமான பிரிங்போர்ட்டின் தபாற்கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவரை மணந்து, பிள்ளைகளை வளர்த்து, இடையிடையே சஞ்சிகைகளுக்கு எழுதி, ‘லார்க் ரைஸ்’ நூலுருப்பெற்றபோது அவருக்கு வயது 62. பல்கலைக்கழகமும் இலக்கிய வட்டங்களும் உருவாக்காத ஓர் எழுத்தாளர் அவர் என்பதை மனங்கொள்ளவேண்டும். 1947இல் காலமானார்.

லார்க் ரைஸ் என்பது ஜூனிப்பர் ஹில்லுக்கு அவர் இட்ட புனைபெயர். நூலில் வரும் லோரா என்ற சிறுமி அவரேதான். லோராவின் தம்பி எட்மண்ட், அவரது சொந்தத் தம்பி எட்வின். தாய்க்கிராமமான கொட்டிஸ்போர்ட், போர்ட்லோ என்ற பெயரில் வருகின்றது.

ஆங்கிலேயர் கிராமத்தையும் குக்கிராமத்தையும் வேறுபடுத்திப் பேசுவர். கிராமத்திற்குத் தேவாலயம் இருக்கும், குக்கிராமத்திற்கு இராது. லார்க் ரைஸில் ஏறத்தாழ முப்பது வீடுகளும் ஒரு தவறணையும் மட்டுமே இருந்தன. தேவாலயமும் பாடசாலையும் பாதிரியாரின் வீடும் ஒன்றரை மைல் தொலைவில் இருந்தன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வழிபாடு தொடக்கம் மரணச் சடங்கு வரை எல்லாவற்றுக்கும் அந்த மக்கள் நடக்கவேண்டியிருந்தது. முப்பது வீடுகளில் சொந்தமாகத் தண்ணீர் வசதி இருந்தவை மூன்றே மூன்று. மற்றவர்கள் ஊரின் ஓரத்தில், வீடு அழிந்துபோன ஒரு வெற்றுக்காணியில் இருந்த கிணற்றுக்குப் போனார்கள். கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தார்கள். இவற்றையெல்லாம் தொம்சன் புலம்பாமல் சொல்கின்றார். நூலின் முதல் சிறப்பு இது.

நூலின் மையத்தில் இருப்பது ஓர் எண்: வாரத்திற்குப் பத்து ஷில்லிங். 1880களில் அக்குக்கிராமத்தின் விவசாயத் தொழிலாளி ஒருவரின் கூலி அது. வண்டிக்காரருக்கும் இடையருக்கும் ஓரிரு ஷில்லிங் கூடுதலாகக் கிடைத்தது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உள்ள வீட்டில் இந்தப் பத்து ஷில்லிங் எப்படிப் போதுமானதாயிற்று என்ற கேள்வியை எழுப்பிக்கொண்டு, அதற்குப் பதிலாகவே அத்தியாயங்களை அவர் கட்டுகின்றார் என்பது எனது வாசிப்பு. ரொட்டிக்கு என்ன வழி? அறுவடை முடிந்த வயல்களில் பெண்களும் பிள்ளைகளும் முதுகு வளையக் கதிர் பொறுக்கினார்கள். அந்தத் தானியத்தை மாவாக்கிக் குளிர்காலத்திற்கு வைத்துக்கொண்டார்கள். மரக்கறிக்கு என்ன வழி? பகலெல்லாம் பண்ணையாரின் நிலத்தில் உழைத்த ஆண்கள் மாலையிலும் நிலவொளியிலும் தங்கள் வீட்டுத் தோட்டத்தையும் குத்தகைத் துண்டுகளையும் கொத்தினார்கள். சப்பாத்து வாங்குவதற்கு என்ன வழி? அறுவடைக் காலத்தில் கிடைக்கும் மேலதிகக் கூலி அதற்கானது. பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். தாங்கள் உழைத்ததில் ஒரு பங்கைத் தாய்க்கு அனுப்பினார்கள்.

இறைச்சிக்கு வழி பன்றி. வாசகர் சிலர் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிட நினைக்கலாம். நமக்கு ஹறாமான ஒரு பிராணியைச் சுற்றி ஒரு முழு ஊரின் பேச்சும் எதிர்பார்ப்பும் சுழல்வதை வாசிப்பது முதலில் சங்கடமானதுதான். ஆனால் அதனைத் தாண்டி வாசிக்கும்போது அங்கே ஒரு வங்கியின் இயக்கத்தைக் காண்கின்றோம். வீட்டின் பின்னால் ஒரு தொழுவம். அதில் ஒன்று வளரும். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வரும் வழியில் அதற்குக் கீரை பிடுங்கி வருவார்கள். மழை பெய்த மாலைகளில் வாளியில் நத்தை பொறுக்கி வருவார்கள். மாத்தீன் வாங்கப் பணமில்லாதபோது பாதிப் பன்றி, உயிரோடு நிற்கும்போதே, மாவாலைக்காரனுக்கோ இறைச்சிக்காரனுக்கோ ஈடு வைக்கப்படும். ஏழை வீட்டின் ஒரே சேமிப்பு முதிர்வதற்கு முன்னரே கடனில் பாதி போய்விடுகின்றது. பிராணியை மாற்றிவிட்டால் இந்தப் பொருளாதாரம் நமக்கு நன்கு பழகியதுதான். அது கொல்லப்படும் இரவில் ஊரே மகிழ்ந்திருக்க, அதன் முதுகைச் சொறிந்து வளர்ந்த சிறுமி லோரா மட்டும் அதற்காக இரங்கி அழுகின்றாள். அந்த இரக்கத்தை ஆசிரியர் பெரிதாக்குவதில்லை. அடுத்த நாள் அவளும் மற்றவர்களோடு சாப்பிடத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இனி இந்நூலின் முக்கிய விவாதத்திற்கு வருகின்றேன். லார்க் ரைஸில் சலி என்றொரு மூதாட்டி வாழ்கின்றார். அவரது வீடு ஊரிலேயே வசதியானது. அவருடைய சிறு வயதில் அந்த ஊரைச் சுற்றி வயல்கள் இருக்கவில்லை. ஜூனிப்பர் புதர்களும் முட்செடிகளும் நிறைந்த திறந்த வெளி இருந்தது. அது பொதுநிலம். சலியின் தகப்பன் அங்கே ஒரு பசுவை மேய்த்தார். வாத்தும் கோழியும் வளர்த்தார். விளைந்ததைக் கழுதை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனார். கிராமத்து மக்கள் அன்று இவ்வளவு ஏழைகளாக இருக்கவில்லை என்பது சலியின் பேச்சிலிருந்து லோரா அறிந்துகொள்ளும் செய்தி.

கிழவர்கள் எப்போதும் ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்றுதான் சொல்வார்கள் என்று இதனைத் தள்ளிவிடலாம். றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்ற நூலில் ஆங்கில இலக்கியத்தின் கிராமியப் பொற்காலத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போகின்றார். ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் தமக்கு முந்திய தலைமுறையோடு நல்ல கிராமம் அழிந்துவிட்டது என்கின்றனர். அந்தத் தலைமுறையைப் போய்க் கேட்டால் அவர்களும் அதற்கு முந்திய தலைமுறையைக் காட்டுகின்றனர். இது நகரும் படிக்கட்டுப் போல் முடிவில்லாது பின்னே போகின்றது என்பது அவரது விளக்கம். கிராமத்தைப் பற்றி எழுதும் எவரும் அறிந்திருக்கவேண்டிய எச்சரிக்கை இது.

ஆயினும் சலியின் விடயத்தில் இந்த எச்சரிக்கையை அப்படியே பொருத்திவிட முடியாது. சலி சொல்வது மனநிலையைப் பற்றிய பேச்சன்று. ஒரு பசு, அது மேய்ந்த நிலம், அந்த நிலத்தில் குடும்பத்திற்கு இருந்த உரிமை ஆகியவற்றைப் பற்றிய சாட்சியம் அது. கொட்டிஸ்போர்ட் பொதுவெளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலியடைக்கப்பட்டது என்பதும், ஜூனிப்பர் ஹில் வாசிகள் அதனை எதிர்த்து நின்றார்கள் என்பதும் வரலாறு. இங்கிலாந்தெங்கும் பாராளுமன்றச் சட்டங்களினூடாகப் பொதுநிலங்கள் அளந்து பங்கிடப்பட்டன. பெருநில உடைமையாளர்களுக்குப் பெரும்பங்கு கிடைத்தது. மாடு மேய்க்கும் வழக்குரிமை மட்டும் வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது சிறிது; பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சலியின் தகப்பனிடம் பசு இருந்தது. லோராவின் அயலவர்களிடம் அது இல்லை. இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையில் நின்றது ஒரு வேலி. பொற்காலக் கதைகளுள் சில, மனம் செய்யும் மயக்கம். சில, பறிபோன சொத்தின் நினைவு. இவ்விரண்டையும் வேறு பிரித்துப் பார்ப்பது விமர்சகனின் கடமை என்று கருதுகின்றேன்.

இந்த இடத்தில்தான் தொம்சன் மீதான எனது குறையும் எழுகின்றது. திறந்தவெளி வயலாக மாறியதை அவர் பருவம் மாறியதைப் போலச் சொல்லிச் செல்கின்றார். நிலம் உழப்பட்டது, புதர்கள் அகற்றப்பட்டன. யார் அகற்றினார்கள், யார் கையெழுத்திட்டார்கள், ஊரவர் எப்படி எதிர்த்தார்கள் என்பவற்றுக்கு நூலில் இடமில்லை. தமிழில் செயப்பாட்டு வினையைப் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் இந்த வாக்கிய அமைப்பு எனக்குப் பழக்கமானது. எழுவாயை மறைக்க வேண்டிய தேவை உள்ளவர்களுக்கு அது மிக உதவியானது. பத்து ஷில்லிங்கை ஒவ்வொரு பென்ஸாகக் கணக்குப் பார்த்த ஓர் எழுத்தாளர், அந்தக் கணக்கின் முதல் வரியை நிரப்பாமல் விட்டுவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது எதிர்த்து நின்றவர்களுள் சிலரேனும் உயிரோடு இருந்திருப்பர் என்பதை நினைக்கையில் இந்த மௌனம் இன்னும் கனக்கின்றது.

இது எங்கோ இருக்கும் ஒரு சிற்றூரின் கதை மட்டுமன்று. அதே அரசு, ஏறத்தாழ அதே காலத்தில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இலங்கையில் உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாகக் கொண்டது. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் வழக்குரிமையாகப் பயன்பட்டு வந்த நிலங்கள் இவ்வாறு கைமாறின. முறைகள் வேறு, மக்கள் வேறு. ஆனால் எழுதப்படாத வழக்குரிமையை எழுதப்பட்ட உறுதி வென்ற கதை என்ற வகையில் இரண்டும் ஒரே நிர்வாக மனத்தின் விளைவுகள். சலியின் பசுவை ஓர் இலங்கை வாசகனால் உடனே அடையாளம் காண முடிவது இதனால்தான்.

பாடசாலையைப் பற்றிய அத்தியாயத்தை நான் ஆசிரியனாகவே வாசித்தேன். குக்கிராமத்துப் பிள்ளைகள் மழையிலும் பனியிலும் ஒன்றரை மைல் நடந்து போகின்றனர். ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளும் நடக்கின்றன. ஓர் ஆசிரியை, அவருக்கு உதவியாக வயதிற் சற்று மூத்த மாணவிகள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, காலையில் வேதபாடம், பெண்பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் தையல். ஆண்டுக்கொருமுறை வித்தியாதரிசி வருகின்றார். அவரது வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் மறந்துபோகின்றது. ஆசிரியையின் கைகள் நடுங்குகின்றன.

அந்த நடுக்கத்திற்கு ஒரு காரணம் இருந்தது. 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதிக்கோவை ‘பெறுபேற்றுக்கு ஏற்பக் கொடுப்பனவு’ என்ற முறையைக் கொண்டுவந்தது. வித்தியாதரிசியின் முன்னால் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சித்தியடைகின்றார்கள் என்பதைப் பொறுத்தே பாடசாலைக்கு அரசாங்கப் பணம் கிடைத்தது. ஒரு பிள்ளை நாத்தடுமாறினால் அது பாடசாலையின் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்தது. இம்முறை அங்கு 1897 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 1870களில் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் இதே முறை இறக்குமதியானதை, ஆசிரியர் கலாசாலையில் கல்வி வரலாறு படித்தவர்கள் அறிவர். தொம்சன் விதிக்கோவையின் பெயரைச் சொல்லாமலே அதன் விளைவைக் காட்டிவிடுகின்றார். வித்தியாதரிசியை அவர் வெறுப்போடு வரைந்திருப்பது உண்மை. ஆனால் அந்த முறையின் கீழ் அன்பான ஒரு மனிதர் வந்திருந்தாலும் பிள்ளைகள் நடுங்கியே இருப்பார்கள்.

இதே அத்தியாயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட ‘ரோயல் ரீடர்ஸ்’ வாசிப்பு நூல்களில் தூர தேசங்கள், கடற்பயணங்கள், பெரிய எழுத்தாளர்களின் பகுதிகள் ஆகியன இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவை பாரம். லோராவுக்கு அவை யன்னல். ஒரே நூல் ஒரே அறையில் இரு விதமாக வேலை செய்கின்றது. வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது தெரிந்த உண்மை. இதனை வைத்து, கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் முன்னேறும் என்ற முடிவுக்குத் தொம்சன் வராதது அவரது நேர்மையைக் காட்டுகின்றது. லோராவைப் போல் வெளியேறாத பிள்ளைகளையும் அவர் பெயரோடும் முகத்தோடும் எழுதியிருக்கின்றார்.

நூலில் மறக்க முடியாத இரு பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விரும்புகின்றேன். ஒன்று, ‘மேஜர்’ என்று ஊரவர் அழைக்கும் பழைய படைவீரர் ஒருவரின் முடிவு. தனியே வாழ்ந்த அவர் முதுமையில் தளர்ந்துபோகின்றார். வைத்தியர் அவரைச் சும்மா ஒரு சவாரிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றுகின்றார். வண்டி போய் நிற்குமிடம் ஏழையர் விடுதி. வேலை செய்ய முடியாத வறியவர்களை அடைத்து வைக்கும் அரசாங்க இடம் அது. அங்கு போவதை மரணத்தை விடக் கேவலமாக அம்மக்கள் எண்ணினர். உண்மை தெரிந்ததும் அந்தப் படைவீரர் குழந்தையைப் போல அழுகின்றார். ஆறு வாரங்களில் இறந்துபோகின்றார். வைத்தியர் கொடியவர் அல்லர். வேறு வழி இல்லாததால் அவ்வாறு செய்தார்.

மற்றையது, 1909 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முதியோர் ஓய்வூதியம். வருமானம் குறைந்த, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. முதல் தடவையாகப் பணம் பெற வந்த முதியவர்கள் நன்றியினால் கண்ணீர் விட்டார்கள். இதைச் செய்த நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ் கட்டாயம் ஒரு பிரபுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து வாழ்த்தினார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்த தபாற்கந்தோர்ப் பெண்ணுக்குத் தோட்டத்துப் பூக்களையும் அப்பிள்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தபாற்கந்தோர்களில் பல்லாண்டு வேலை செய்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய பகுதி இது.

மேஜருக்குக் கிடைத்தது தயவு. ஓய்வூதியம் பெற்றவர்களுக்குக் கிடைத்தது உரிமை. அதனையும் அவர்கள் தயவாகவே பெற்றுக்கொண்டனர். ஒரு வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள் ஐந்து ஷில்லிங்குக்காகக் கண்ணீர் விடும் காட்சியை நாம் நெகிழ்ந்து வாசித்துவிட்டுக் கடந்துபோகலாம். அந்தக் கண்ணீர் எத்தனை வருடப் பயத்தின் விலை என்று நின்று கேட்கவும் செய்யலாம். இரண்டாவது வாசிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் நூல் தருகின்றது.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது நாவலா, சுயசரிதையா, சமூக ஆவணமா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்து வந்துள்ளது. தன்னை ‘லோரா’ என்று படர்க்கையில் எழுதியதன் மூலம் ஆசிரியர் ஒரு தூரத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அந்தத் தூரம் சில இடங்களில் நன்மையாகவும் சில இடங்களில் ஒளிவிடமாகவும் அமைந்துவிடுகின்றது. அவரது உடன்பிறந்தோருள் பலர் சிறு வயதிலேயே இறந்துபோயினர். அந்தச் சிறிய கப்றுகள் நூலில் தெரிவதில்லை. நல்ல காற்றில் வளர்ந்த ஆரோக்கியமான பிள்ளைகளின் ஊராகவே லார்க் ரைஸ் காட்சி தருகின்றது. குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளையும் நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் இத்தகைய இடைவெளிகளைச் சுட்டியுள்ளனர். அதேபோல் தொழிலாளரின் பேச்சு அங்கங்கே சிறு துண்டுகளாக மட்டும் வருகின்றது. விளக்கமெல்லாம் ஆசிரியரின் பண்பட்ட ஆங்கிலத்திலேயே அமைகின்றது. பேச்சுவழக்கை எழுதிவிட்டால் ஊர் வந்துவிடும் என்று நம்பும் நமக்கு இது யோசிக்கவேண்டிய விடயம். பேச்சு குறைவாக இருந்தும் இந்நூலில் ஊர் இருக்கின்றது. அதற்குக் காரணம் ஊரின் வேலைகளை அவர் முறையோடும் வரிசையோடும் அறிந்திருந்தமையே. குவீனி என்ற கிழவி றேந்தை பின்னுவதை எழுதும்போது, தடியும் நூலும் எப்படி இயங்கின என்பதோடு, யந்திர றேந்தை சந்தைக்கு வந்ததும் அந்தக் கைத்தொழில் எப்படி விலையிழந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகின்றார்.

இவ்வளவு கணக்குள்ள ஒரு நூல் எப்படி இனிப்பான நூலாகப் பெயர் பெற்றது? அது வெளிவந்த காலத்தை நோக்கவேண்டும். முதல் நூல் வந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. குண்டுவீச்சுக்குள் இருந்த மக்களுக்குப் பழைய கிராமம் ஆறுதலாக இருந்தது. 1945ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய எச். ஜே. மாசிங்ஹாம், தன்னிறைவான பழைய கிராமப் பண்பாட்டின் கடைசிப் பதிவாக இதனைக் கண்டார். 2008 தொடக்கம் 2011 வரை பி.பி.ஸி. தொலைக்காட்சி இதனைத் தொடர் நாடகமாக ஒளிபரப்பியபோது அழகிய உடைகளும் காதற் கதைகளும் முன்னே வந்தன. கூலிக் கணக்கு பின்னே போயிற்று. ஒரு படைப்பை அதன் வாசகர்கள் எவ்வளவு தூரம் தமது தேவைக்கு ஏற்ப வளைத்துவிட முடியும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். இந்த வளைப்புக்குத் தொம்சனும் ஓரளவு இடமளித்தார் என்பதை மறுக்க முடியாது. எழுவாய் இல்லாத அந்த வாக்கியங்கள்தான் கதவைத் திறந்துவிட்டன.

ஆனாலும் ‘லார்க் ரைஸ்’ முடியும் விதத்தை எந்தத் தொலைக்காட்சியாலும் இனிப்பாக்க முடியாது. வயல்களும் அறுவடை விருந்தும் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவும் வந்துபோன பின்னர், கடைசியில் ஆசிரியர் முதலாம் உலகப் போருக்குத் தாவுகின்றார். ஊர்ப் பையன்கள் எல்லோரும் போனார்கள். அந்தச் சின்னஞ்சிறு சமூகத்திலிருந்து பதினொருவர் திரும்பி வரவில்லை. தேவாலயச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. அதில் அவர்களது பெயர்கள். கடைசிப் பெயர் எட்மண்டுடையது. தொம்சனின் தம்பி எட்வின் 1916இல் போரில் இறந்தார். மூன்று நூல்களில் முதலாவது வெளிவந்து இரண்டு வருடங்களில், 1941இல், அவரது இளைய மகன் பீட்டர் கடலில் பலியானார்.

இந்தக் கடைசிப் பக்கம் நூல் முழுவதையும் திரும்ப வாசிக்கச் செய்கின்றது. பத்து ஷில்லிங்கில் வளர்த்த பிள்ளைகள், நத்தை பொறுக்கியவர்கள், வித்தியாதரிசிக்கு நடுங்கியவர்கள், பிறந்தபோது பாதிரியார் வீட்டிலிருந்து இரவலாக வந்த பெட்டியின் துணிகளில் சுற்றப்பட்டவர்கள். அவர்களுள் சிலரை அரசு பெயர் சொல்லி எழுதிக்கொண்டது அந்தப் பித்தளைத் தகட்டில்தான். பொதுநிலத்தில் அவர்களது பாட்டன்மாருக்கு இருந்த பங்கை எந்தத் தகட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆசிரியர் இவ்விரண்டையும் தொடர்புபடுத்திச் சொல்லவில்லை. வாசகன் தொடர்புபடுத்திக்கொள்ள அவர் எழுதிய பக்கங்கள் போதும்.

நமது கிராமங்களைப் பற்றி எழுதும் இளைய படைப்பாளிகள் இந்நூலிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இரண்டு. தொம்சன் செய்ததைச் செய்யவேண்டும்: கூலியை, கடனை, தண்ணீரை, பாடசாலைக்கு நடந்த தூரத்தை, செத்துப்போன கைத்தொழிலைத் தெரிந்து எழுதவேண்டும். அவற்றை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். தொம்சன் செய்யாததையும் செய்யவேண்டும்: காணி எப்படிக் கைமாறியது என்று எழுதும் இடத்தில் வாக்கியத்திற்கு எழுவாய் வைக்கவேண்டும். விமர்சகர்களாகிய நாமும், அடுத்த கிராமத்துக் கதை கைக்கு வரும்போது, வாசனையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் அந்த ஊரில் ஒரு நாட்கூலி எவ்வளவு என்று கதையிலிருந்து தெரிகின்றதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்போம்.